என் சாப்பாட்டுப் பை முன்னால் உட்கார்ந்த நாய்

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. அப்போது நான் பெரம்பலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

அன்று காலை கிளம்பும்போது என் பையின் ஜிப் அறுந்துவிட்டது. பஸ் வர ஐந்தே நிமிடம். அம்மா சட்டென்று அப்பா வேலைக்குக் கொண்டுபோகும் பழைய ரெக்சின் பையை எடுத்து உதறி, சாப்பாட்டு டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் குடையையும் அதில் போட்டுக் கொடுத்தார். அப்பாவுக்கு அன்று வேலை இல்லை. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போக எனக்குக் கூச்சம்தான். வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டு ஓடினேன்.

பதினோரு மணி இருக்கும். அலுவலகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்திருக்கிறது, எல்லோரும் உடனே வெளியே போங்கள் என்றார்கள். பைகளைத் தொடக்கூடாது, இருந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். இதெல்லாம் புரளியாகத்தான் இருக்கும் என்று பேசிக்கொண்டே வேப்பமரத்தடியில் நின்றோம். யாரோ டீ கூடச் சொல்லிவிட்டார்கள்.

அரியலூரிலிருந்து மோப்ப நாயோடு ஒரு வேன் வந்தது. கறுப்பு லேப்ரடார். அதைப் பிடித்திருந்த காவலருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். "வா பாப்பா, வாடா பாப்பா" என்று கொஞ்சிக்கொண்டே அதை உள்ளே அழைத்துப் போனார். போலீஸ் நாய்க்கு இப்படி ஒரு பெயரா என்று எங்களில் சிலர் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

கால் மணி நேரத்தில் உள்ளே போனவர்கள் விறுவிறுவென்று வெளியே வந்தார்கள். எங்களை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னார்கள். கனமான கவச உடை போட்ட ஒருவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில், நீளமான கயிற்றின் நுனியில் கொக்கி மாட்டி, எதையோ மெல்ல மெல்ல வெளியே இழுத்தார்கள். சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. மண்ணில் தேய்ந்துகொண்டு வந்தது என் பை.

வெகுநேரம் சோதித்துப் பார்த்துவிட்டுத் திறந்தார்கள். டப்பாவில் எலுமிச்சம்பழ சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் இருந்தன. ஆனாலும் விடவில்லை. உள்ளே இருந்து இன்னும் நான்கு பேரின் பைகளைக் கொண்டுவந்து என் பையோடு வரிசையாக வைத்து, நாயை மறுபடி விட்டார்கள். அது மற்ற பைகளை மோந்துவிட்டுக் கடந்துபோனது. என் பைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்து, தன் காவலரை நிமிர்ந்து பார்த்தது.

"யாரோட பை இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என்னோடதுங்க சார்."

"இதுல வெடிமருந்து வாசனை இருக்குன்னு நாய் காட்டுது. என்னம்மா கொண்டாந்த?"

"சாப்பாடு மட்டுந்தான் சார்."

"உங்கப்பா என்ன தொழில் பண்றாரு?"

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இந்தக் கேள்வியை அலுவலகத்தில் ஒருவர் கேட்டிருந்தார். ஒருத்தியின் அப்பா ஹெட்மாஸ்டர், இன்னொருத்தியின் அப்பா ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர். நான் "விவசாயம்" என்று சொல்லிவைத்தேன். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அப்பா கல் குவாரியில் பாறையைத் துளைத்து வெடி வைக்கிறவர். வெடிச் சத்தத்தில் அவருக்குக் காது பாதி போய்விட்டது. அந்தச் சம்பளத்தில்தான் என்னைக் காலேஜில் படிக்கவைத்தார்.

அலுவலகமே சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. "விவசாயம் சார்" என்று மறுபடியும் சொன்னேன்.

சொன்ன அந்த நொடியே, பையில் இருந்தது என்ன வாசனை என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாயை விட்டுப் போன பொய்யைத் திரும்ப எடுக்கத் தைரியம் வரவில்லை. "சரி, ஸ்டேஷனுக்கு வா, பேசிக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிற தோழி, தன்னை அறியாமலேயே இரண்டு அடி தள்ளிப் போய் நின்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

இன்ஸ்பெக்டர் போன் பேச நகர்ந்தார். நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் அந்தக் காவலர் வந்து குந்தி உட்கார்ந்து, ஒரு கிண்ணத்தில் நாய்க்குத் தண்ணீர் ஊற்றினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"பையோட தையல்ல கல்லுத்தூள் இருக்குங்க" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "எங்க சித்தப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல இருந்தாரு. பாத்தா எனக்குத் தெரியும். வூட்டுல யாரு குவாரிக்குப் போறாங்க?"

"அப்பா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"வெடி வைக்கிறவரா?"

தலையாட்டினேன்.

"இதை நானே போயி சார்கிட்ட சொல்லிடலாம். ஆனா நான் சொன்னா, நீங்க மறைச்சத நான் கண்டுபுடிச்ச மாதிரி ஆயிடும். நீங்களே போயி சொல்லிடுங்க. பயப்படாதீங்க, நான் பக்கத்துலதான் இருப்பேன்."

இன்ஸ்பெக்டரிடம் நடந்துபோனேன். "சார், நான் பொய் சொல்லிட்டேன். எங்கப்பா குவாரில வெடி வைக்கிறவரு. அது அவரோட பை" என்றேன். இன்ஸ்பெக்டர் திட்டினார். திட்டு வாங்க வேண்டியவள்தான் நான். பிறகு அப்பாவுக்கு ஆள் விட்டார்கள்.

அப்பா டி.வி.எஸ்.ஸில் வந்து இறங்கினார். கேட்ட கேள்வி பாதி காதில் விழுந்ததோ என்னவோ, ரோட்டுக்கே கேட்கும்படி கத்திப் பதில் சொன்னார். "ஆமா சார்! வெடி வைக்கிறவன்தான்! இருபது வருசமா வைக்கிறேன், இன்னைக்கு வரைக்கும் கூட இருந்த ஒருத்தனுக்கும் ஒரு கீறல் விழுந்தது இல்ல! பையில துண்டும் அழுக்குச் சட்டையும்தான் எடுத்துட்டுப் போவேன், மருந்தத் தொட்ட கையால மடிச்சு வைப்பேன், அதுல ஒட்டியிருக்கும் சார்!" குவாரி கொடுத்த அட்டையை எடுத்து நீட்டினார். நான் ஐந்து மாதமாக மறைத்துவைத்ததை அரை நிமிடத்தில் ஊருக்கே அறிவித்துவிட்டார். அவர் குரலில் வெட்கமே இல்லை.

காவலர் நாயை அப்பாவிடம் அழைத்துவந்தார். அது அப்பாவின் கைகளை மோந்துவிட்டு, டக்கென்று உட்கார்ந்தது. காவலர் சட்டைப் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து அதற்குப் பரிசாகப் போட்டார். "நாய் தப்புப் பண்ணல சார். இவங்களும் தப்பு ஏதும் பண்ணல" என்றார். இன்ஸ்பெக்டர் குவாரி மேனேஜருக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டு எங்களை அனுப்பிவைத்தார். மிரட்டல் வெறும் புரளிதான் என்று சாயங்காலம் தெரிந்தது. வேலையும் போகவில்லை.

கிளம்பும்போது அப்பா அந்தக் காவலரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒருநாள் வூட்டுக்கு வாங்க தம்பி, சாப்ட்டுப் போவீங்க" என்றார். இப்படிக் கூப்பிட்டால் யாரும் வருவதில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். அவருக்குச் சொந்த ஊர் ஆண்டிமடம் பக்கம். முந்திரிப்பருப்புப் பொட்டலம் ஒன்று கொண்டுவந்திருந்தார். அப்பாவோடு எதிரெதிரே உட்கார்ந்து, உதடு தெரியும்படி நிதானமாகப் பேசினார். அடுத்த மாதமும் வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். அவர் யாரைப் பார்க்க வருகிறார் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் நாங்கள் நாயைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொள்வோம்.

நான்காவது முறை வந்தபோது அப்பாவிடம் தயங்கித் தயங்கி ஏதோ சொன்னார். அப்பாவுக்குக் கேட்கவில்லை. "என்ன தம்பி?" என்றார். மறுபடி சொன்னார். "சத்தமாச் சொல்லுங்க!" என்றார் அப்பா. அவ்வளவு மெதுவாகப் பேசுகிற மனிதர், முகமெல்லாம் வேர்த்து, "உங்க பொண்ணக் கட்டிக்கிறேன், குடுக்குறீங்களா!" என்று கத்தினார். எதிர்வீட்டு அக்கா கையிலிருந்த முறத்தோடு வெளியே வந்துவிட்டார். அடுப்படியில் நின்ற எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அந்தத் தை மாதம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது.

அன்று அவர் அத்தனை பேர் முன்னால் என் பொய்யை உரக்கச் சொல்லிப் பெயர் வாங்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. நானே திருத்திக்கொள்ள ஒரு வழி விட்டுத் தள்ளி நின்றார். என் அப்பாவைத் தலைநிமிர்ந்து பார்க்க எனக்கு அன்றுதான் முடிந்தது. அந்தக் காவலர் எனக்குக் கணவராக வந்திருக்காவிட்டாலும், அந்த ஒரு காரியத்துக்காகவே சாகும்வரை அவரை மறந்திருக்கமாட்டேன். இப்போதும் எங்காவது மிரட்டல் என்று அழைப்பு வந்து அவர் அவசரமாகக் கிளம்பும்போதெல்லாம், அங்கே என்னைப் போல யாராவது ஒருத்தி பயந்து நின்றால், முதலில் அவள் பக்கத்தில் போய் உட்காருகிறவர் இவராகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.