சேசிஸ் அண்ணனுக்கு, இஞ்சின் தம்பிக்கு

சேதராப்பட்டு கம்பெனியில் எனக்கு ஷிஃப்ட் இல்லாத நாட்களில், பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்களைத் தேடி ஊர் ஊராக அலைவேன். இன்னும் எத்தனை மிச்சம் என்று எங்கள் சிறு கூட்டம் ஒன்று கணக்கெடுக்கிறது. எங்களுக்கு ஒரே விதிதான். இஞ்சினும், அதைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி செத்துவிட்டது. "பொம்பளைக்கு இன்னாத்துக்கு இந்த வேல?" என்று கேட்காத ஊர் இல்லை. கேட்டவரிடமே வண்டி எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்பேன்.

கிருமாம்பாக்கத்துக்கு உள்ளே தள்ளி, ஒரு கரும்பு விவசாயியின் மாட்டுக் கொட்டகையில் அப்படி ஒரு வண்டி நின்றது. டேங்க், ஹேண்டில்பார், சக்கரம் எல்லாம் இருந்தன. இஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் வைக்கோல்.

"இஞ்சின் எங்கேங்க?"

"அது தம்பி பங்கு," என்றார்.

அப்பா இறந்தபின் நிலம், மாடு, போர்வெல் எல்லாம் பிரித்துக்கொண்ட அண்ணனும் தம்பியும், அப்பாவின் வண்டியை மட்டும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கவில்லை. பங்கு பிரிக்க வந்த ஊர்க்காரர்கள் மெக்கானிக்கைக் கூப்பிட்டு அதையும் இரண்டாக்கிவிட்டார்கள். அன்றோடு பேச்சும் நின்றது. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பி வீடு அடுத்த தெரு. அங்கே வாசலில் பழைய இரும்பு வியாபாரியின் டெம்போ நின்றது. தரையில் இஞ்சின். அலுமினியத்தைத் தனியாகப் பிரிக்க வியாபாரி சம்மட்டியோடு தயாராக இருந்தார். நானே வாங்கிக்கொள்கிறேன் என்று பதறினேன்.

"அப்பா வண்டிய அசலாரு ஓட்டறத என்னால பாக்க முடியாது. ஒடஞ்சி போவட்டும்," என்றார் தம்பி. "அண்ணன் வாயத் தொறந்து கேட்டா குடுக்கறேன்."

கொஞ்சம் பொறுங்கள் என்று வியாபாரியிடம் கெஞ்சிவிட்டு ஓடினேன்.

"நான் போயி கேக்கறதா?" என்றார் அண்ணன். அப்படியே நின்றார். பிறகு சட்டென்று வைக்கோலைத் தள்ளிவிட்டுச் சேசிஸை வெளியே இழுத்தார். "கேக்கமாட்டேன். இத குடுத்துடறேன். அவனே முழுசா வச்சிக்கட்டும்."

டயர் மக்கிப்போயிருந்தது. முன்சக்கரம் சுற்றவே இல்லை. அவர் இழுக்க, நான் பின்னாலிருந்து தள்ளினேன்.

"நான் முன்னாடி ஓடிப்போய்ச் சொல்லிடட்டுமா?"

"நீ சொல்லாதம்மா. நான்தான் சொல்லணும்."

இந்த நேரத்திலும் வீம்பு. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன்.

தெரு முனை திரும்பும்போது சம்மட்டிச் சத்தம் கேட்டது. "டேய், நிறுத்துடா!" என்று அவர் கத்தினார். அடுத்த அடியும் விழுந்தது.

நாங்கள் போனபோது இஞ்சின் துண்டு துண்டாகக் கிடந்தது. தம்பி அண்ணனையும் சேசிஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கா எடுத்தாந்த?"

அண்ணன் வியாபாரியிடம், "இதயும் ஏத்திக்கோ," என்றார். ஒரு பக்கம் அவர் தூக்க, மறுபக்கம் தம்பி வந்து பிடித்தார்.

"அண்ணே, காலு. பாத்து."

"நீ கைய எடுடா, கிழிச்சிடப் போவுது."

டெம்போ கிளம்பியது. எங்கள் கணக்கில் ஏறும் முன்பே ஒரு வண்டி போய்விட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவர்களோ அது போன பக்கம் கூடத் திரும்பவில்லை. தம்பியின் உள்ளங்கையில் தகரம் கிழித்த இடத்தை அண்ணன் தன் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.