வாசலை நகர்த்திய கம்பெனி

மலையடிக் கிராமமான அடி அண்ணாமலையில் வெள்ளையம்மாளிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியவர்கள் குறைவு. ஒருமுறை கீழ்பென்னாத்தூர் பஸ் அவளுடைய மல்லாட்டைக் கடலை மூட்டையை ஏற்றாமல் கிளம்பிவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் பஸ்ஸை ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். அவள் புருஷன் அப்பாதுரை பரம சாது. பேசுகிற வேலை மொத்தத்தையும் கல்யாணத்தன்றே அவளிடம் ஒப்படைத்துவிட்டவர்.

1982இல் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வந்தது. துறைமுகம், ரோடு, அணை, கரண்ட் என்று அது கை வைக்காத தொழில் இல்லை. வயல்வெளியில் வரிசையாக டவர் நட்டுக்கொண்டே வந்து, வெள்ளையம்மாள் வீட்டுக்கு எதிரிலும் குழி தோண்டியது. தலைக்கு மேலே போகப்போவது மெட்ராஸுக்கான கரண்ட். அவள் வீட்டில் சிம்னி விளக்குதான். அதற்காகக்கூட அவள் சண்டை போடவில்லை.

கார்த்திகை தீபத்தன்று அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. மலையுச்சியில் ஏற்றிய தீபத்தைத் தன் வாசலில் நின்று கண்ணால் பார்த்த பிறகுதான் அகல் ஏற்றுவாள், அதற்கப்புறம்தான் சோறு. மருமகளாக வந்த வருஷத்திலிருந்து இது தவறியதே இல்லை. இப்போது வாசலுக்கும் உச்சிக்கும் நேர் நடுவில் குழி.

கம்பெனியின் சைட் இன்ஜினியர் சக்கரபாணி சமாதானம் சொல்லப் பார்த்தார்.

"டவர் என்ன சுவராம்மா? நடுவுல எல்லாம் சந்துதான். நல்லாவே தெரியும்."

"கம்பிக்குப் பின்னாடி நிக்கவெச்சுப் பாக்கறதுக்கு அண்ணாமலையாரு இன்னா லாக்கப்புலயா இருக்காரு?"

சொல்லிவிட்டு வெற்றிலையும் கையுமாகக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டாள். வேலை நின்றது. சக்கரபாணி குழியின் விளிம்பில் குந்தி, கெஞ்சாத குறையாகச் சொன்னார்: "ஒரு டவரை நகத்தினா மொத்த லைனையும் மாத்தணும்மா. முடியாது."

"அப்ப என் வாசலை நகத்துங்க."

அவள் நக்கலாகத்தான் சொன்னாள். சக்கரபாணிக்கோ சாமியே வந்து வழி சொன்ன மாதிரி இருந்தது. நல்ல நாள் பார்த்து, ஐயருக்குத் தட்சணையும் கொடுத்து, கம்பெனி கொத்தனார்கள் பழைய வாசலை அடைத்து வீட்டின் மறுகோடியில் தேக்கு நிலையோடு புது வாசல் திறந்தார்கள். அங்கிருந்து உச்சி பளிச்சென்று தெரிந்தது. பழக்கதோஷத்தில் அப்பாதுரை மட்டும் பல நாள் சுவரில் முட்டிக்கொண்டார்.

கார்த்திகை வந்தது. அன்றைக்குப் பார்த்து வெளிநாட்டிலிருந்து கம்பெனி டைரக்டரும் வந்தார். வெள்ளையம்மாள் உள்ளே பொரி உருண்டை பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவரைக் குளிர்விப்பதற்காக சக்கரபாணி ஒரு காரியம் செய்தார். 'இந்த வாசல் எங்கள் கம்பெனியின் அன்பளிப்பு' என்று இங்கிலீஷிலும் தமிழிலும் எழுதிய பெரிய தகர போர்டு ஒன்றைப் புது வாசலுக்கு எதிரே நட்டுவிட்டார்.

சாயங்காலம் அகல் தட்டோடு வெளியே வந்தவள் போர்டைத்தான் பார்த்தாள். மலை அதற்குப் பின்னால் இருந்தது.

"எறக்குங்கடா அத!"

கம்பெனிக்கு வேலை செய்தவர்கள் எல்லாம் சுற்றுவட்டாரத்து ஆட்கள். அவர்களும் அன்று பட்டினிதான். சக்கரபாணி வாயைத் திறப்பதற்குள் போர்டு தரையில் கிடந்தது. சத்தம் கேட்டு என்ன விஷயம் என்று பார்க்க டைரக்டர் வாசலுக்கே வந்து, வெள்ளையம்மாளுக்கு எதிரே நின்றார். ஆறரை அடி ஆள், தலையில் தொப்பி வேறு.

அந்த நேரம் பார்த்து வேட்டுச் சத்தம் கேட்டது. மலையில் ஏற்றிவிட்டார்கள். "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று தெருவே கத்தியது. அவள் ஒருத்திக்கு மட்டும் கோட்டுப் பொத்தான்கள்தான் தெரிந்தன. "தள்ளுய்யா அந்தாண்ட!" என்று கத்தினாள்.

அம்மா என்ன சொல்கிறார் என்று டைரக்டர் சக்கரபாணியைக் கேட்டார்.

"நீங்க மறைக்கிறீங்க சார்," என்றார் சக்கரபாணி, ஈனசுரத்தில் இங்கிலீஷில்.

வெள்ளையம்மாளுக்கு மொழிபெயர்ப்பு முடியும்வரை பொறுமையில்லை. தட்டைத் தரையில் வைத்தாள், கோட்டை இரண்டு கையாலும் பிடித்தாள், முரண்டு பிடிக்கும் மாட்டை ஒதுக்குவதுபோல் அவரை ஓரம் தள்ளினாள்.

உச்சியில் தீபம் பொட்டு மாதிரி எரிந்தது. அரோகரா சொல்ல வாயைத் திறந்தாள். குரலே வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. பஸ்ஸையே பின்னால் வரவழைத்த குரல் அது.

டைரக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தான் இப்போது நிற்கிற இடம் சரிதானா என்று மெதுவாகக் கேட்டார். சக்கரபாணி அதைத் தமிழில் சொன்னார்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "இன்னும் கொஞ்சம் தள்ளிக்கச் சொல்லு. பின்னாடி எங்க வூட்டுக்காரரு நிக்கிறாரு. அவரு இன்னும் பாக்கல."