மீதி ஃபிலிம்

என் தங்கையின் கல்யாண ஆல்பத்தில் கடைசிப் பக்கத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. மாலை மாற்றுவது, தாலி கட்டுவது, மெட்டி போடுவது, பந்தியில் யாரோ ஒரு பெரியவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேமராவை முறைப்பது என்று வரிசையாக வந்து, முடிவில் புல்லுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்னக் கருங்கல். அதன் தலையில் சிலுவை. புதிதாகப் பார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். நாங்கள் எல்லாரும் விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்தப் படத்தை எடுத்தவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். அவர் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. ஆனாலும் ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம் அவரைத் திட்டவும் தோன்றுகிறது, கையெடுத்துக் கும்பிடவும் தோன்றுகிறது.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் மச்சான் ஸ்டுடியோ வைத்திருந்தார். சுற்றுவட்டாரக் கல்யாணங்களில் பாதிக்கு மேல் அவர் கேமராதான். கலர் ரோலில் முப்பத்தாறு படம் வரும். முகூர்த்தம், பந்தி எல்லாம் முடிந்தபின் கடைசி ரோலில் எப்படியும் நாலைந்து படம் மீந்துவிடும். முடியாத ரோலைக் கழுவக் கொடுத்தால் மீதி வீண். கல்யாண வீட்டிலோ மறுநாளே போட்டோ எங்கே என்று ஆள் அனுப்புவார்கள். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் அந்த மீதியைத் தங்கள் பிள்ளைகளுக்கோ வாசல் கோலத்துக்கோ செலவு செய்வார்கள். மச்சான் அதை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார். ‘தோட்டத்துக்குப் போலாமா மாப்ளே’ என்றுதான் கேட்பார். ஏதோ மாந்தோப்பு குத்தகைக்குப் பேசுகிறோம் என்று என் மனைவி வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

நான் அப்போது பிள்ளைப்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலையில் இருந்தேன். காலை ஷிப்டு முடிந்து வந்தால் சாயங்காலம் சும்மா இருப்பேன். மச்சானுடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து கிளம்பிவிடுவேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வெள்ளைக்காரன் காலத்துச் சின்னச் சின்னக் கிறிஸ்தவக் கோயில்கள் உண்டு. ஓடு வேய்ந்தது, மணி கட்டத் தனியாக ஒரு தூண் நிற்பது, பின்னாலேயே அவர்களுடைய கல்லறைத் தோட்டம். வேப்பமரமும் நுணா மரமும் இருக்கும். பகலெல்லாம் இரும்புச் சத்தம் கேட்ட காதுக்கு அந்த இடத்து அமைதி எண்ணெய் விட்ட மாதிரி இறங்கும். மச்சான் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார். கேமராவை உடனே தொடமாட்டார். ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு நடப்பார். வருஷா வருஷம் பூசிய சுண்ணாம்பு எழுத்தை அடைத்திருந்தால் வேப்பங்குச்சியால் மெதுவாகச் சுரண்டுவார். கருங்கல்லாக இருந்தால் கேனிலிருந்து தண்ணீர் தெளிப்பார். அதுவரை ஒன்றுமில்லாத கல்லில் எழுத்து கறுப்பாக எழுந்து வரும். ஊர்ப் பெயர், தகப்பன் பெயர், சில கல்லில் உளி தவறிய பிழை. நாங்கள் இரண்டு பேரும் குனிந்து எழுத்துக்கூட்டிப் படிப்போம். எனக்கு அதைவிடச் சந்தோஷமான சாயங்காலங்கள் பிறகு அதிகம் வாய்க்கவில்லை.

வெயில் சாய்ந்து எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழும்போதுதான் படம் எடுப்பார். பழக்க தோஷம், கல்லைப் பார்த்தும் ‘இப்டி பாருங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் பட்டனை அழுத்துவார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். ஏன் மச்சான், காசு கொடுக்கிற கட்சியை விட்டுவிட்டு இவர்களைப் போய் எடுக்கிறீர்கள் என்று ஒருமுறை சீண்டினேன். அவர் கேமராவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “கல்யாண வூட்ல எவனாவது ஒருத்தன் கண்ண மூடிடுவான் மாப்ளே. அப்பறம் நம்மள திட்டுவான். இவுங்க அந்த மாதிரி இல்ல.”

அந்த வருஷம் தொண்ணூற்றொன்று. மே மாதம் எங்கள் ஊரில் நடந்தது உலகத்துக்கே தெரியும். அதன்பிறகு கேமராவும் கையுமாக நடமாடுகிறவனைப் போலீஸ் நிறுத்தாமல் விட்டதில்லை. ஒரு நாள் தோட்டத்துச் சுவரோரம் ஒரு ஏட்டய்யா எங்களைப் பிடித்து, கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறவனுக்குச் சுடுகாட்டில் என்ன வேலை என்று குடைந்தார். மச்சான் மீதி ஃபிலிம் கதையைச் சொல்ல, அவர் நம்பவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் விட்டுவிட்டார். பிடித்துக்கொண்டு போயிருந்தாலாவது மச்சானுக்குப் புத்தி வந்திருக்கும் என்று அடுத்த மாதம் நான் நினைக்கும்படி ஆயிற்று.

ஆனி மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். அப்பா இல்லாத வீடு. நான்தான் முன்னின்று செய்தேன். மாப்பிள்ளை வீடு மண்ணூர். மாப்பிள்ளை நல்ல பையன், என்னைப் போலவே ஷிப்டு வேலை. அவருடைய அம்மா, அதாவது தங்கையின் மாமியார், வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். போட்டோ வேலை மச்சானைத் தவிர வேறு யாருக்குக் கொடுப்பேன்? கல்யாணம் முடிந்தது, ரோலில் இந்தத் தடவை ஒரே ஒரு படம்தான் மீந்தது, மச்சானும் வழக்கம்போலத் தோட்டத்துக்குப் போய் அதை முடித்தார். மெட்ராஸ் லேபிலிருந்து படங்கள் வந்ததும் கல்லறைப் படங்களை மட்டும் உருவி ஒரு புடவைக்கடை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். அன்று அவர் பஸ்ஸைவிட்டு இறங்கி ஸ்டுடியோவுக்கு வருவதற்குள் சம்பந்தி, மாப்பிள்ளையின் அப்பா, அங்கே காத்திருந்தார். ஒரு தடவை பார்த்துத் தருகிறேன் என்று மச்சான் கெஞ்சியும் கேட்காமல், உறையோடு பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போய்விட்டார். உள்ளே கல்லறை இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

மண்ணூரில் உறவெல்லாம் கூடி உட்கார, மாமியார் ஒவ்வொரு படமாகப் பார்த்துக் கைமாற்றியிருக்கிறார். கடைசிப் பந்திப் படத்துக்கு அடுத்ததாக வந்தது அந்தச் சின்னக் கல். அது குழந்தையின் கல்லறை என்று அளவைப் பார்த்தாலே தெரியும். கல்யாண உறையில் குழந்தைக் கல்லறை! அந்த அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லையாம். இது தானாக வந்ததா, யாராவது வைத்து அனுப்பியதா என்று ஆளுக்கொன்று பேசினார்கள். சில நாளில் ஆடி பிறந்தது. முறைப்படி தங்கையை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். வழியனுப்பும்போது மாமியார் வாசலுக்கு வரவில்லை.

ஆடிக்கு வந்த பெண்ணை ஆவணி பிறந்ததும் புருஷன் வீட்டார் வந்து அழைத்துப் போகவேண்டும். ஆவணி பிறந்தது, ஆள் வரவில்லை. தங்கை தினமும் காலையில் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு உட்காருவாள், சாயங்காலம் தானே எடுத்துவிடுவாள். அம்மா என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். என் மனைவியோ, தன் அண்ணன் செய்த காரியத்துக்குத் தான்தான் பொறுப்பு என்பதுபோல அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை. மாப்பிள்ளை ஒரு நாள் என் கம்பெனி கேட்டில் சைக்கிளோடு நின்று, அவள் சாப்பிடுகிறாளா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். தன் அம்மா பேச்சைத் தாண்டி வர அவருக்குத் தைரியம் இல்லை. தங்கை இப்படியே வீட்டோடு நின்றுவிடுவாளோ என்று பயந்தேன். மச்சான் மேல் வந்த கோபத்தில் அவர் ஸ்டுடியோ இருக்கும் சந்துப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வந்தார். வா, மண்ணூருக்குப் போவோம் என்றார். அங்கே போய் அந்த அம்மா காலில் விழுவார் என்று நினைத்தேன். அவர் நின்றபடியே மீதி ஃபிலிம் விஷயத்தை ஒளிக்காமல் சொல்லி, படத்தைக் கொடுத்தால் கொளுத்திவிடுகிறேன், நெகட்டிவையும் சேர்த்துக் கொளுத்துகிறேன் என்றார். மாமியார் உள்ளே போய்ப் படத்தை எடுத்துவந்தார். சாமி படத்துக்குப் பின்னால் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

“கொளுத்துறதா? அடுத்தவுங்க பொருள நாம எப்டி கொளுத்தறது. எங்கருந்து எடுத்தியோ அங்கயே வெச்சிட்டு வந்துடணும். நானும் வரேன், என் கண்ணால பாக்கணும்.”

பொம்பளை சுடுகாட்டுக்குப் போவதாவது என்று சம்பந்தி குறுக்கே விழுந்தார். அது சுடுகாடு இல்லீங்க, தோட்டம் என்றார் மச்சான், இத்தனை நாள் சொல்லிவந்த வாய்ப் பழக்கத்தில். மாமியார் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். தோட்டத்துக்குப் போக யாரைக் கேட்கவேண்டும் என்று செருப்பை மாட்டினார். ஒரு ஆட்டோ பிடித்துப் போனோம். வழியில் எங்கள் வீட்டில் நிறுத்தச் சொல்லி, என் தங்கையையும் வரச் சொன்னார். அவள் அரண்டுபோய்த்தான் வந்தாள்.

தோட்டத்தில் வெயில் சாய்ந்திருந்தது. அந்த அம்மா படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்று, சுண்ணாம்பு பூசிய கல்லறைகளையும் காய்ந்த பூக்களையும் பார்த்தார். இங்கே பெண்கள் வருவார்களா என்று கேட்டார். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் வருவார்கள், பெண்கள்தான் சுண்ணாம்பு அடித்துப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள் என்று மச்சான் சொன்னார். மச்சான் அந்தச் சின்னக் கல்லில் தண்ணீர் தெளித்தார். எழுத்து எழுந்தது. பேர் உடைந்து ‘மாள்’ என்பது மட்டும் நின்றிருந்தது. இன்னா எழுதிக் கீது, படி என்றார் மாமியார். ஒன்பது மாதக் குழந்தை, கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள் என்று மச்சான் படித்தார்.

“நித்திரைன்னா?”

“தூக்கம்மா.”

“செத்துப்போச்சுன்னு போடலியா?”

“இல்லம்மா. தூங்குதுன்னுதான் போட்ருக்காங்க.”

அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கல்லைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினார். “எனக்கு மொதல்ல ஒரு பொண்ணு. தவழ ஆரம்பிச்ச நேரம். ஆம்பளைங்க துணில சுத்தி எடுத்துக்கினு போனாங்க. எங்க வெச்சாங்கன்னு எனக்கு யாரும் சொல்லல. ஏரிக்கரைல எந்தப் பக்கம்னு இன்னிவரைக்கும் தெரியாது.”

மாப்பிள்ளைக்கு மூத்தது ஒன்று இருந்தது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். அந்தப் படம் ஏன் அவரை அப்படி ஆட்டிவிட்டது என்பதும் அன்றுதான் புரிந்தது. இத்தனை நாள் அவரை மனசுக்குள் என்னென்ன சொல்லியிருப்பேன்! தங்கை பயத்தை மறந்து பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மாமியார் அவள் தலையிலிருந்த பூவில் ஒரு துண்டைக் கிள்ளிக் கல்லின் மேல் வைத்தார். அப்போதும் கையிலிருந்த படத்தைக் கீழே வைக்கவில்லை. எழுந்ததும் அதை மஞ்சள் துணியில் மறுபடி சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, நேரமாகிறது வூட்டுக்குப் போலாம் வா என்று தங்கையை அழைத்தார். எந்த வீடு என்று அவள் கேட்கவில்லை. மாற்றுப் புடவைகூட இல்லாமல் அங்கிருந்தே மண்ணூருக்குப் போனாள். துணிமணிகளை மறுநாள் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போது அந்தத் தோட்டத்துக்கு இரண்டு பக்கமும் கம்பெனிச் சுவர். கண்டெய்னர் லாரி போகும்போது கல்லெல்லாம் அதிர்கிறது. வேப்பமரம் இருக்கிறது. ரிட்டையர் ஆனபின் சில சாயங்காலங்களில் போகிறேன், போனில் படம் எடுக்கிறேன். எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், மீதி என்று ஒன்று விழுவதில்லை. எடுக்கிறதுக்கு முன்னால் ‘இப்டி பாருங்க’ என்று என் வாயும் சொல்கிறது. மச்சானை எரித்த இடத்தில் அவருக்கென்று ஒரு கல்லும் கிடையாது என்பது அப்போது நினைவுக்கு வந்து மனசு கனத்துவிடும்.

போன பொங்கலுக்கு மண்ணூர் போயிருந்தேன். மாமியார் இப்போது இல்லை. தங்கையின் பேரன் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்து கடைசிப் பக்கத்தில் நின்றான். பசை மஞ்சளாகிவிட்ட அந்தப் பக்கத்தில், தன் கையால் அந்த அம்மா ஒட்டிய படம். இது யாரு என்று கேட்டான். தன் மாமியார் தன் பிள்ளைகளுக்குச் சொன்னதையே, அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் தங்கை முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“உங்க தாத்தாவோட அக்காடா. தூங்கிக்கினு கீது. மெதுவா மூடு.”