தீட்டு இல்லாதவள்

செல்லத்தின் ஒரு கை கஸ்தூரியின் இடுப்பை அணைத்துப் பிடித்திருந்தது. மறு கை உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் படுக்கைப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. பழைய கட்டுத்துணி காய்ந்து ஒட்டியிருந்தது. அதைப் பிய்க்கக் கூடாது. ஊறவிட்டு, ஓரத்திலிருந்து எடுக்க வேண்டும்.

“சமைக்கிறப்ப இந்தப் பொறுமை எங்க போச்சு?” என்றாள் கஸ்தூரி, சுவரைப் பார்த்தபடி. பக்கவாதம் வந்த பிறகு அவள் பேச்சு குழறும். முழுதாகப் புரிந்தது செல்லத்துக்கு மட்டும்தான்.

“ஒடம்பு படுத்தாலும் வாய் படுக்கல பாரு.”

“நான் போனா நீதான் குளிப்பாட்டணும் செல்லா. புனிதாகிட்ட விட்டுறாத. டயரோட காடி கழுவுற மாதிரி கழுவுவா.”

“போறப்ப பாத்துக்கலாம். திரும்பு.”

புனிதா, கஸ்தூரியின் அண்ணன் திருச்செல்வத்தின் மனைவி. பக்கத்து ஊரான செனாயில் வீடு. தீபாவளிக்கு முறுக்கு டப்பாவை வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போவாள்.

செல்லம் பிறந்தது சீனக் குடும்பத்தில். கோத்தா திங்கிப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக் கடைக்காரர், மறுபடியும் பெண்ணாகப் போயிற்று என்று பால்மரம் வெட்டிய காளியம்மாவின் கையில் கொடுத்துவிட்டார். பையனாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டார். காளியம்மா மொட்டை போட்டு, காது குத்தி, தன் பிள்ளையாக வளர்த்தாள். வளர்ந்த பிறகு சந்தையில் சீனர்கள் மாண்டரினில் பேசினால் செல்லம் விழிப்பாள். கோயிலுக்குப் புதிதாக வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்து மலாயில் பேசினால் தமிழில் வெளுத்து வாங்குவாள். இரண்டு பக்கமும் அவளை ஒரு மாதிரிதான் பார்த்தார்கள்.

கஸ்தூரி கிடைத்தது செனாய்த் தொழிற்சாலையில். விடுதியில் அடுத்தடுத்த கட்டில். பிறகு உலு திராமில் இருவர் பெயரிலும் வாங்கிய வீட்டில் ஒரே கட்டில். கஸ்தூரிக்கு வந்த மாப்பிள்ளைகளை அவளேதான் வேண்டாமென்றாள். பழி செல்லத்தின் மேல் விழுந்தது. தாமான் குடியிருப்பில் இருவரையும் அக்கா தங்கச்சி என்றார்கள். சீனத்திக்கும் தமிழச்சிக்கும் அந்த முறை எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு மட்டும் செல்லம் கட்டிய மாலைதான். அதை யாரும் வேண்டாமென்றதில்லை.

ஒரு வியாழன் விடியலில் கஸ்தூரி போய்விட்டாள். செல்லம் கண்களை மூடி, தாடையைக் கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய பிறகுதான் திருச்செல்வத்துக்குப் போன் செய்தாள். வரிசை மாறினால் உடம்பு விறைத்துவிடும். அழுகை காத்திருக்கும்.

திருச்செல்வம் வந்ததும் வீடு அவர் கைக்குப் போயிற்று. கூடாரம், நாற்காலி, சடங்கு செய்யும் பண்டாரம் எல்லாம் வந்தன. முன்வாசலில் குளிப்பாட்டச் சேலை மறைப்புக் கட்டினார்கள். செல்லம் வெந்நீர் வாளியோடு போனாள். அவர் வழிமறித்தார்.

“நீங்க இருங்க. சொந்தக்காரங்கதான் தண்ணி ஊத்தணும்.”

“என்னையத்தான் ஊத்தச் சொல்லியிருக்கா.”

“மொற ஒண்ணு இருக்கு இல்ல?”

“புனிதா மட்டும் என்னா, ஒங்க ரத்தமா?”

“அவ எங்க வீட்டு மருமக. நீங்க யாரு? சொல்லுங்க, எல்லாரும் இருக்காங்கதானே.”

வந்திருந்தவர்கள் கைப்பேசியைப் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள். செல்லத்துக்குத் தெரிந்த தமிழிலும் மலாயிலும் அந்த உறவுக்கு வெட்கப்படாமல் சொல்ல ஒரு சொல் இல்லை. வாளியைக் கீழே வைத்தாள்.

மறைப்புக்குள் புனிதாவும் இன்னும் இரண்டு பெண்களும் குழாயைத் திறந்தார்கள். புண்ணில் காய்ந்திருந்த கட்டுத்துணியைப் பிடித்துப் புனிதா ஒரே இழுப்பாக இழுத்தாள். தோலும் சேர்ந்து வந்தது. மூவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள்.

“அலமாக், என்னா வாட. செல்லம்க்கா, நீங்களே முடிச்சிருங்க லா. ஒங்களுக்குத்தான் பழக்கம்.”

முறை எங்கே போயிற்று என்று செல்லம் கேட்கவில்லை. வெந்நீர் ஆறிவிட்டிருந்தது. புண்ணைக் கழுவி, புதுத்துணி வைத்துக் கட்டினாள்.

“செத்த ஒடம்புக்கு எதுக்குக் கட்டு?” என்றாள் புனிதா எட்ட நின்றபடி.

“சேலையில கறையாகும்.”

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டபோது அவள் பெயர் வரவில்லை. பண்டாரம் அவளைக் காட்டி ஏதோ கேட்டார். “தங்கச்சியப் பாத்துக்க வச்சிருந்த ஆளு. சீனம்மா, ஆனா தமிழ் நல்லா பேசும்,” என்றார் திருச்செல்வம். மின்சுடலைக்குப் போகும் வேனில் இடமில்லை என்றார்கள். ஒரு இருக்கை காலியாகவே போனதைச் செல்லம் பார்த்தாள்.

மாலையில் மின்சுடலையிலிருந்து திரும்பியவர்கள் வரிசையாகத் தலை முழுகினார்கள். செல்லமும் துண்டை எடுத்தாள்.

“நீங்க முழுக வேணாம்க்கா,” என்றாள் புனிதா, உதவி செய்கிற குரலில். “தீட்டு எங்களுக்குத்தான். ஒங்களுக்குக் கெடையாது. நீங்க தாராளமா கோயிலுக்குப் போலாம். கருமாதி கூட செனாய்ல எங்க வீட்லதான்.”

செல்லம் துண்டை மடித்துக் கொடியில் போட்டாள். அவர்கள் போன பிறகு கை காலை மட்டும் கழுவிக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை படுக்கை விரிப்புகளை ஊறப்போட்டு, காற்று மெத்தையின் காற்றை இறக்கிச் சுருட்டினாள். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கோயிலில் வேலை பார்க்கும் அர்ச்சுனன் வழக்கம்போலப் பூப்பையைக் கம்பிக் கதவில் மாட்டிக்கொண்டிருந்தான்.

“மாலைய மத்தியானத்துக்குள்ள தந்துருங்கக்கா.”

“எடுத்துட்டுப் போ. எனக்குத் தீட்டு.”

“ஒங்களுக்கு இல்லன்னு திருச்செல்வம் அண்ணன் சொன்னாரே?”

“அவரு வீட்ல எனக்கு இல்ல. இந்த வீட்ல இருக்கு.”

அர்ச்சுனன் தலைக்கவசத்தைச் சொறிந்தான். “நீங்க அவங்களுக்கு என்னா மொறக்கா?”

“நேத்தும் இதையேதான் கேட்டாங்க. முப்பது வருசமா ஒரே கட்டிலு. மொறய நீயே வச்சிக்க.”

அவன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். “அப்ப இன்னிக்கு மாலைக்கு?”

“புனிதாகிட்ட கேளு. அவளுக்கும் தீட்டாம்.”

அவன் பூப்பையைக் கழற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பினான். செல்லம் கதவைப் பூட்டிவிட்டுப் பின்கட்டுக்குப் போய், ஒரு வாளி பச்சைத் தண்ணீரை எடுத்துத் தலையோடு ஊற்றிக்கொண்டாள்.