இட்டோ கொண்டுபோய்க் கொடுத்த போன்

மெக்னெஸ் பழைய நகரத்தில் ஹம்மாம் என்னும் பொது வெந்நீர்க் குளியல் கூடத்தில், குளிக்க வரும் பெண்களின் துணிமணிகளைக் காவல் காப்பது இட்டோவின் வேலை. உள்ளே அவர்களுக்கு முதுகு தேய்த்துவிடுவது என் வேலை. இருபத்தாறு வருடத்தில் ஒரு கொண்டை ஊசிகூடத் தொலைந்ததில்லை என்று அவளுக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று மதியம் வந்த சுகைனாவின் முதுகில் தேய்க்க இடமே இல்லை. அத்தனையும் பெல்ட் தழும்பு. அரை மணியில் குளித்துவிட்டுப் பையோடு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள். போன் மட்டும் அலமாரியிலேயே கிடந்தது.

"ஐயோ, மறந்துட்டாளே! டாஞ்சியர் பஸ் எப்பன்னு என்கிட்டதான் கேட்டா" என்று இட்டோ எழுந்தாள்.

"வேணும்னா வந்து வாங்கிக்குவா, உட்காருடி."

கேட்டால்தானே! நானும் பின்னால் ஓடினேன்.

பஸ் ஏறப்போன சுகைனாவின் கையில் இட்டோ போனைத் திணித்தாள். சுகைனா பேயறைந்தாற்போல் நின்றாள்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க, லல்லா இட்டோ! வேணும்னுதான் விட்டுட்டு வந்தேன். இது எங்க போகுதுன்னு என் புருஷன் கடையில இருந்தே தன் போன்ல பார்த்துக்கிட்டிருப்பான்."

ஹம்மாமுக்குப் போன பெண் நாலு மணி நேரம் திரும்பமாட்டாள் என்று எங்கள் ஊர் ஆண்களுக்குத் தெரியும். அந்த நாலு மணி நேரத்தைத்தான் அவள் நம்பியிருந்தாள். புருஷன் மிலூத் கசாப்புக்காரன். கடை அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி.

இட்டோ போனைப் பிடுங்கினாள். "நீ ஏறு மகளே" என்று அவளைப் பஸ்ஸுக்குள் தள்ளிவிட்டு, அங்கியின் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சந்தைக்குள் ஓடினாள். நானும் விடாமல் பின்னாலேயே போனேன்.

மிலூத் தன் போனைப் பார்த்தபடியே வந்தான். முக்காட்டு முதுகைக் கண்டதும், "ஓடவா பார்க்கிற, நாயே!" என்று கத்தியை இறக்கினான். உருவி மறுபடி இறக்கினான். மூன்றாவது குத்து எலும்பில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. புதினாக் கட்டுகள்மேல் விழுந்தவளைப் புரட்டிப் பார்த்தான். வேறு முகம். அந்த முகத்தை மிதித்தான்.

"எங்கடி அவ?"

"அவ சாமானை அவகிட்டதான் குடுப்பேன்" என்றாள் இட்டோ, வாயெல்லாம் ரத்தமாக.

புதினாக் கடை எடைக்கல்லை எடுத்து அவன் மண்டையில் போட்டேன். இன்னும் ஓங்கிப் போட்டிருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வருவதற்குள் இட்டோ போய்விட்டாள்.

மிலூத் இப்போது சிறையில். அவன் அண்ணன் தம்பிகள் வெளியேதான் திரிகிறார்கள். பத்து நாள் கழித்து ஹம்மாம் தொலைபேசி அடித்தது.

"லல்லா இட்டோ இருக்காங்களா? சுகைனா பேசறேன். நான் இப்ப எங்க இருக்கேன்னா..."

"சொல்லாதே!" என்று கத்தினேன். "என்கிட்டகூடச் சொல்லாதே."

இட்டோ செத்ததை நானும் சொல்லவில்லை.