கோபத்தைத் துப்பிய மத்தியானம்

தொண்ணூற்றைந்தில் நாங்கள் புலம்பெயர்ந்து வந்து பார்க்டேலில், ஒரு அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். அண்ணா, மச்சாள், அவர்களுடைய இரண்டு வயது மகள், நான். எங்கள் பரம்பரையிலேயே பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான்தான். அந்த வருடம் யூனிவர்சிற்றியில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். அதை யாரிடமாவது சொல்லாமல் எனக்கு ஒரு நாளும் போகாது.

மாசி மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. வைரஸ், தானாகப் போகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். நான்கு நாட்களாகியும் போகவில்லை. மச்சாளுக்கு நான் ஆறுதல் சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று வாரமாக அவரோடு கதைப்பதில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கு முன்னால், "யூனிவர்சிற்றிக்குப் போறாவாம், ஒரு பிள்ளைக்குச் சோறு தீத்தத் தெரியாது" என்று சிரித்திருந்தார்.

மச்சாள் வேலைக்குப் போகும் நாட்களில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் எதிர்வீட்டுப் பெண். கென்யாவின் ரைற்றா மலைகளிலிருந்து வந்தவர். ஐந்தாம் நாள் மத்தியானம் வந்து பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்தார். பிறகு அன்று வேலைக்குப் போகாமல் நின்ற மச்சாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தங்கள் ஊரில் பிள்ளை நோயில் படுத்தால், வீட்டில் யார் மனதில் கோபம் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்களாம். கோபக்காரர் கெட்டவர் என்றில்லை. அவருக்கே தெரியாமல் கோபம் புறப்பட்டுப் போய் வீட்டில் ஆகச் சிறியதைப் பிடிக்குமாம். கோபத்தை வாய்விட்டுச் சொல்லி, ஒரு வாய் தண்ணீரைத் துப்பி, பிள்ளை சுகமாகட்டும் என்று சொல்ல வேண்டும் என்றார்.

வைரஸ் எப்படிப் பெருகும் என்று படம் கீறி முழுப் புள்ளி வாங்கியவள் நான். ஆனாலும் அது என் கோபம்தானோ என்று பயந்துவிட்டேன். மச்சாளின் சிரிப்பைவிடப் பெரிய ஒன்று எனக்குள் இருந்தது. காய்ச்சலுக்கு முதல் நாள் நான் படிக்கும்போது பிள்ளை விடாமல் அழுதாள். இந்தச் சத்தம் ஒரேயடியாய் நின்றால் என்ன என்று நினைத்தேன். இப்போது அவள் அழவே இல்லை. வாயைத் திறந்தபடி கிடந்தாள்.

அந்தப் பெண் குசினியிலிருந்து தண்ணீர்த் தம்ளரோடு வந்து என்னிடம் நீட்டினார். நான் மச்சாளைப் பாராமல், அன்று அவர் சிரித்தது நொந்தது என்றேன். தண்ணீரை வாயில் எடுத்தேன். துப்புவதற்குள் பாதி தொண்டைக்குள் இறங்கிவிட்டது. சொல்லாதது உள்ளேயே போய்விட்டது என்று நினைத்தேன். பிள்ளையின் அடுத்த மூச்சு வராதோ என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"மச்சாள், அண்டைக்கு பிள்ளையின்ர சத்தம் நிக்கோணும் எண்டு நினைச்சனான். ஒரேயடியா."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் கையிலிருந்த தம்ளரை வாங்கினார்.

"நான் எத்தினை தரம் நினைச்சிருப்பன்," என்றார். "தள்ளி நில்லும். நானும் துப்பவேணும்."

அடுத்த நாள் காய்ச்சல் இறங்கியது. வைரஸ் விடுகிற நாளும் அதுதான் என்று எனக்குத் தெரியும். பிள்ளை எழும்பிச் சோறு கேட்டாள். மச்சாள் சோற்றுக் கோப்பையை என்னிடம் தந்தார். நான் சோற்றைக் குழைத்து முதல் வாயை அவளுக்குத் தீத்தினேன்.