உள்ளே இறங்கியவர்களை எண்ணக் கூடாது

மிஷன் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கும் கணக்கு உண்டு என்றதும் எங்கள் சுரங்கக்காரர் லைன் வீடுகளில் சிரித்தார்கள். "பொட்டப்புள்ளைங்க கணக்குப் போட்டு இன்னா பண்ணப் போவுதுங்க?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டாள். என்னை அனுப்பச் சொன்னது அப்பா. அவர் போன பிறகும் அம்மா அதை மாற்றவில்லை.

போன பிறகு என்று இப்போது சுலபமாக எழுதிவிட்டேன். அப்போது எங்கள் வீட்டில் அப்படி யாரும் சொல்லவில்லை. சுரங்கத்துக்குள் பாறை வெடித்து, அப்பா வேலை செய்த லெவல், அந்த ஆழத்துப் பாதை முழுதும், மூடிக்கொண்டது. சிலரை மேலே கொண்டுவந்தார்கள். அவரைக் கொண்டுவரவில்லை. தோண்டினால் இன்னும் சரியும் என்று அந்த இடத்தையே அடைத்துவிட்டார்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து பெரியப்பா வந்து, காரியம் செய்து தாலியை வாங்கிவிட வேண்டும் என்றார். அம்மா அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"அவர மேல ஏத்திக் காட்டுங்க மாமா. அப்பறம் கழட்டறேன்."

எனக்கு அழுகை வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி என்னை நானே கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

அந்த நாட்களில் ஒருநாள் வாத்தியார் சராசரிக் கணக்கு எடுத்தார். சென்னையிலிருந்து புதிதாக வந்தவர், நல்ல மனுஷர், சுரங்கத்தின் நடைமுறை தெரியாதவர். அவரவர் வீட்டில் எத்தனை பேர் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னார். எல்லாவற்றையும் பலகையில் எழுதிக் கூட்டி, எங்கள் தலைகளால் வகுத்தார். மூன்றரை வந்தது.

"அந்த அரை ஆளு யாருங்க ஐயா?" என்று ஒருத்தி கேட்டாள். "உன் தம்பிதான்டி" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

வாத்தியார் மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தட்டி வீட்டுல ஆள் மேல ஆள் படுத்திருக்கீங்க. மூன்றரை எப்படிம்மா வரும்?"

முதல் வரிசைக்காரி எழுந்தாள். "ஷிஃப்டுக்கு உள்ள எறங்கினவங்கள எண்ணக் கூடாதுங்க ஐயா. மேல வந்தப்பறந்தான் எண்ணணும். எங்கம்மா அடிக்கும்."

எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். எண்ணினால் கண் பட்டுவிடும், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வராது. யாரும் எங்களுக்கு உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. பகல் ஷிஃப்டு நேரத்தில் வாத்தியார் கேட்டார், நாங்கள் அப்பாக்களை விட்டுவிட்டுச் சொன்னோம்.

அவர் சிரித்தார். "கணக்குக்கு மேலேயும் கீழேயும் கிடையாதும்மா. உள்ளே போனவங்களையும் சேர்த்து மறுபடி சொல்லுங்க."

மறுபடி வரிசை ஆரம்பித்தது. ஒருத்தி சொல்லிவிட்டுத் தரையில் துப்பிக்கொண்டாள். ஒருத்தி காதோடு சொன்னாள். மூன்று நாலாயிற்று, நாலு ஆறாயிற்று. முதல் முறை நான் நாலு என்று சொல்லியிருந்தேன், அம்மா, நான், இரண்டு தம்பிகள். எல்லோரையும் போலத்தான் நானும் சொன்னேன். அந்த நாலில் அப்பா ஷிஃப்டில் இருந்தார்.

"நீ சொல்லும்மா."

"நாலுங்க ஐயா."

"நீ கூட்டலையே. உள்ளே யாரும் இல்லையா?"

பக்கத்து வீட்டு அத்தை மகள் என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். ஐந்து என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"இல்லைங்க ஐயா. நாலுதான்."

அவர் எழுதிக்கொண்டார். புதுச் சராசரி எவ்வளவு வந்தது என்று எனக்கு நினைவில்லை.

நான் வீடு சேருமுன் பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா அடிக்கவில்லை. "ஷிஃப்டு இன்னும் முடியலன்னு சொல்லக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாள். அவள் தம்பிகளுக்குச் சோறு போடப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா மறுபடி வந்தார். பேச்சை எப்படி எடுப்பது என்று தொண்டையைச் செருமினார். அம்மா அவர் முன்னால் வந்து உட்கார்ந்து, முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள்.

"எம் பொண்ணே நாலுன்னு எண்ணிட்டா மாமா," என்றாள். "அறுத்துடுங்க."